பத்து வீதத்துக்கு வந்த பேதி

“ஒரு நகரத்தின் தலைவிதி அதன் பாதீட்டில், அந்த வரவு செலவுத் திட்டத்தில்தான் எழுதப்படுகிறது. அரசுகள் எழுந்ததும் விழுந்ததும் வரி என்ற ஒரே சொல்லால்தான். இந்த நகரத்தின் நிதி நிலைமையை நான் இறுக…”

மூங்கிலோயா நகர சபைத் தலைவர் சோமசுந்தரம் ‘இறுக’ வரை வந்தார். எதை இறுகப் பிடித்திருக்கிறார் என்பது சபைக்குத் தெரியவில்லை. ஒலிவாங்கியை அப்படியே விட்டார். ஒரு கையால் கோட்டையும் மறு கையால் வயிற்றையும் பிடித்துக்கொண்டு பக்கக் கதவால் ஓடினார்.

மார்கழி மாதத்து மூடுபனிக் காலை. நேரம் பதினொன்றரை.

அவருக்கு முன்பே மூன்று நாற்காலிகள் காலியாகியிருந்தன. கட்டடத்தின் பின்புறம் இரண்டு கழிப்பறைகள். ஒன்றில் ‘திருத்த வேலை, பாவிக்க வேண்டாம்’ என்று அட்டை தொங்கியது. மற்றதன் வாசலில் ஆளுங்கட்சி உறுப்பினர் ஒருவரும் எதிரணி உறுப்பினர்கள் இருவரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்தபடி நின்றார்கள். அந்தச் சபையில் இரு அணிகளும் ஒரே நோக்கத்துக்காக நின்றது அதுவே முதல் தடவை.

வாக்கெடுப்பு பிற்பகல் மூன்று மணிக்குத் தள்ளிவைக்கப்பட்டது.

நகரத்தின் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் சுலக்ஷனா மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கியபோது வாசலில் சார்ஜன்ட் பண்டார காத்திருந்தார். அவர் கையில் அரக்கு, நூல், துணிப்பட்டை, எல்லாம் தயாராக இருந்தன.

“மிஸ் வந்தா கென்டீன் சீல் பண்ணச் சொல்லித் தலைவர் சொன்னது,” என்றார். “மிஸ் கையெழுத்துப் போட்டா போதும்.”

“நான் இன்னும் எதையும் பார்க்கலையே?”

“தலைவர் பார்த்தாச்சு.”

சுலக்ஷனா தலைவரின் அறைக்குள் போனாள். பெரிய மேசை. தரை வரை தொங்கும் பச்சை விரிப்பு. அதற்குப் பின்னால் சோமசுந்தரம் கோட்டும் கழுத்துப் பட்டியுமாக வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தார். அவள் வணக்கம் சொன்னாள். அவர் எழவில்லை. பதவியில் இருப்பவர்கள் எழமாட்டார்கள் என்று அவள் பழகியிருந்ததால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

“இது வெறும் வயித்துப்போக்கு இல்ல, மிஸ். ஜனநாயகத்துக்கு வச்ச நஞ்சு.”

“யார் வச்சாங்கன்னு நினைக்கிறீங்க, ஐயா?”

“நினைக்கிறதுக்கு என்ன இருக்கு? நேத்து கென்டீன் வாசல்ல நின்னு அந்த வேலாயி கத்துனதை ஊரே கேட்டுச்சு. புதுப் பாதீட்டுல கென்டீன் வாடகை கூடுது. அதான் ஆத்திரம்.”

“நீங்க என்ன சாப்பிட்டீங்க?”

“வடை ஒண்ணு. டீ.”

“பிளேன்டீயா?”

சோமசுந்தரம் அடிபட்டவர் போலப் பார்த்தார்.

“பால் டீ, மிஸ். தங்கக் கரை போட்ட பீங்கான் கப்புல. நாலு தலைமுறையா வர்த்தகக் குடும்பம். பிளேன்டீயை உறிஞ்சுற பழக்கமெல்லாம் நமக்குக் கிடையாது.”

“எத்தனை மணிக்கு?”

“காலையில இந்த ரூம்ல ஒண்ணு. பிறகு இடைவேளையில ஒண்ணு. ரெண்டும் பால் டீ. மூணு மணிக்கு முந்தி அந்தக் கென்டீனுக்குப் பூட்டு விழணும். விஷம் வச்சவளை வெளியில விட்டுட்டு நான் எப்படி வரியை உயர்த்துறது?”

வரி என்றால் சோலை வரி. வீடோ கடையோ, அதன் ஆண்டுப் பெறுமதியில் நூற்றுக்கு ஆறு வீதம் இதுவரை சபைக்குப் போனது. இனி அது பத்து வீதம். கூடும் பணத்தில் நகரத்தின் இரண்டு முனைகளிலும் தலைவர் பெயர் பொறித்த வரவேற்பு வளைவுகள் எழும்பவிருந்தன. தலைவர் அறைக்கு ஒரு குளிரூட்டியும் வரவிருந்தது. மூங்கிலோயாவில் சித்திரை மாதத்திலும் ஜனங்கள் ஸ்வெட்டர் போட்டுத்தான் தேர் பார்க்கப் போவார்கள்.

கென்டீனில் வேலாயி கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். சிறுபிள்ளைகளிலிருந்து சபைச் செயலாளர் வரை எல்லோரையும் அதட்டி வடை தின்ன வைப்பவள். இன்று அதட்டலுக்கு ஆளில்லை.

“அக்கா, நேத்து என்ன சொன்னீங்க?”

“வாடகையைக் கூட்டுறவன் வயிறு கலங்கட்டும்னு சொன்னேன், மிஸ். நான் கலக்குறேன்னா சொன்னேன்?”

“தேத்தண்ணி எத்தனை கேத்தல்?”

“ஒரே கேத்தல். பாதி பால் ஊத்துனேன், பாதி வெறும் சாயம். பதினோரு பேரும் அதைத்தான் குடிச்சாங்க. வடையும் ஒரே சட்டி. ஏழு பேர் கல்லு மாதிரி உக்காந்திருக்காங்களே, அவங்களுக்கு ஏன் ஒண்ணும் ஆகல? என் விஷம் ஆள் பார்த்தா போகுது?”

கேள்வி நியாயமானது. சுலக்ஷனா கழுவு தொட்டியைப் பார்த்தாள். கண்ணாடிக் கிளாசுகளுக்கு நடுவில் தங்கக் கரை போட்ட ஒரு பீங்கான் கப் தனியாகக் கிடந்தது.

“அதைத் தொடாதீங்க. ஐயாவோடது. சாசரைக் காணோம். அது ஒடஞ்சிருந்தா அதுக்கும் என் தலையைத்தான் எடுப்பாரு.”

“சீனி எங்க?”

வேலாயி ஒரு கிண்ணத்தை நீட்டினாள். பாதிக்கு மேல் இருந்தது. “இதுவும் அதிசயந்தான். கூட்டம் நடக்குற நாள்ல கிண்ணத்தை வழிச்சுட்டுத்தான் அனுப்புவாங்க. இன்னைக்கு மிச்சம் வந்திருக்கு.”

சுலக்ஷனா சீனியை மூடிவைத்தாள்.

“மிஸ், நீங்க சீல் வச்சா தை மாசம் கென்டீன் குத்தகைக் கேள்விப்பத்திரத்துல என் பேரையே எடுத்துருவாங்க. விஷம் வச்சவன்னு பேர் வாங்குனவ கையில இந்த ஊர்ல யாரு தேத்தண்ணி குடிப்பா?” அதட்டல் குரல் முதன்முறையாக இறங்கியது. “எனக்கு வேற தொழில் செய்யத் தெரியாது.”

வைத்தியசாலை தெருவுக்கு எதிர்ப்புறம். டாக்டர் நேராகச் சொன்னார். காய்ச்சல் இல்லை, வாந்தி இல்லை. தின்று ஒரு மணித்தியாலத்துக்குள் இப்படித் துரத்துவது பழுதான சாப்பாடு இல்லை, யாரோ கொடுத்த பேதி மருந்து. சாயங்காலத்துக்குள் எல்லோரும் எழுந்து நடப்பார்கள்.

மூன்று கட்டில்களிலும் ஜீவனி உப்புக் கரைசலோடு மூன்று உறுப்பினர்கள். எதிரணியின் ஜீவராஜும் மதுரனும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்கள். இருவரும் தோட்டப்பக்கத்து வட்டாரங்களில் வென்று வந்தவர்கள். என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டதற்கு, வடை, தேத்தண்ணி என்றார்கள். மூன்றாவது கட்டிலில் ஆளுங்கட்சி உறுப்பினர் கந்தப்பன். அறுபது வயது. கிடந்தபடியே பேச்சுக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தார்.

“வாங்க மிஸ், இருங்க. எழும்ப முடியல. எழும்பினா உக்காரணும்.”

“நீங்க என்ன சாப்பிட்டீங்க?”

“வடை ரெண்டு. பிளேன்டீ ஒண்ணு.”

“வேற?”

“வேற என்ன? அவ்வளவுதான்.”

“உங்க மேல யாருக்காவது கோபம்?”

“கோபம் இருக்குதோ என்னவோ. என் வட்டாரத்துல இருக்குறதெல்லாம் தோட்டத்து லயக் காம்பராவை விட்டு வந்து கடன்பட்டு வீடு கட்டுன சனம். ரோட்டுல ஒரு லைட் கிடையாது. பத்து வீதம் கட்டுன்னு எந்த முகத்தோட போய்ச் சொல்றது? என் கை எழும்பாதுன்னு நேத்தே தலைவர்கிட்ட சொல்லிட்டேன்.”

“உங்க கட்சிக்கு எதிராவா?”

“கட்சி என்ன கட்சி. நானும் சோமுவும் லிந்துலைப் பக்கம் ஒரே லயத்துல அடுத்தடுத்த காம்பராவுல பொறந்தவங்க. அவன் முகத்துக்கு நேராவே சொல்லலாம். சொன்னேன். சிரிச்சான்.”

“நாலு தலைமுறை வர்த்தகக் குடும்பம்னு சொன்னாரே?”

கந்தப்பன் சிரிக்கப்போய், அது ஆபத்து என்று பாதியில் நிறுத்திக்கொண்டார்.

எதிரணித் தலைவி ரூபிகா வைத்தியசாலை வாசலில் நின்றாள். பஜார் துணிக்கடைக் குடும்பத்துப் பெண். வக்கீலுக்குப் படித்துக்கொண்டிருப்பதால் கேள்வி கேட்பதற்கு முன்பே பதில் வைத்திருந்தாள்.

“எங்களைச் சந்தேகப்படுறீங்கன்னு தெரியும், மிஸ். ஆறுக்கு அஞ்சுல நாங்க தோக்கத்தான் இருந்தோம். தள்ளிப்போனா எங்களுக்கு லாபம். ஆனா எங்க ஆள் ரெண்டு பேரையே நாங்க படுக்க வைப்போமா?”

“நீங்க தேத்தண்ணி குடிச்சீங்களா?”

“பால் டீ. ரெண்டு கரண்டி சீனி போட்டுக் கலக்கிக் குடிச்சேன். எனக்கு ஒண்ணும் ஆகலயே.”

சுலக்ஷனா சபா மண்டபத்துக்குத் திரும்பினாள். காவலாளி இராமையா சிவப்பு வெல்வெட் போர்த்திய தலைவர் நாற்காலியை விளக்குமாற்றால் தட்டிக்கொண்டிருந்தார்.

“என்னங்க பண்றீங்க?”

“எறும்பு, மிஸ். இந்தக் குளிருலயும் எங்கிருந்துதான் வருதோ. பாருங்க, இடது கைப்பிடி முழுக்க.”

வலது கைப்பிடியில் ஓர் எறும்புகூட இல்லை. சன்னல் மேடையில் தங்கக் கரை போட்ட சின்னத் தட்டொன்று கிடந்தது. அதையும் எறும்புகள் சுற்றி வளைத்திருந்தன.

“இது இங்க எப்படி வந்துச்சு?”

“உறுப்பினர்மார் டீ மேசையில இருந்துச்சு. மேசையைத் துடைக்கறப்ப நான்தான் எடுத்து இங்க வச்சேன்.”

“காலையில தலைவருக்கு டீ கொண்டுபோனது?”

“நான்தான். ரூமுக்குள்ள கப்பும் சாசருமா கொண்டுபோய் வச்சேன். திரும்பப் போய்க் கப்பை எடுத்தேன். சாசரைக் காணோம். கேக்கப் பயம்.”

“இடைவேளையில?”

“அப்ப பால் முடிஞ்சிருச்சு. வேலாயி அக்கா பிளேன்டீதான் ஊத்தி அனுப்புச்சு. திட்டுவாருன்னு நடுங்கிட்டே நீட்டினேன். அவரு பேச்சுப் பேப்பரைப் பார்த்துட்டே வாங்கி, மேசைப் பக்கமா நடந்து நடந்து குடிச்சாரு. பால் இல்லைன்னே கவனிக்கல.”

“பின்னால இருக்குற கழிப்பறைக்கு என்ன திருத்த வேலை?”

“தண்ணி வரலையாம். தலைவர் சொன்னாரு. காலையிலேயே சாவியை வாங்கிக்கிட்டு அட்டையைத் தொங்கவிடச் சொன்னாரு.”

சொல்லிவிட்டு இராமையா தம் முழங்காலைத் தடவினார். குளிரில் நடுங்கினார். மழைக்கோட்டுக்குக் கீழே கால்சட்டை இடுப்பில் நிற்காமல் சணல் கயிற்றால் கட்டப்பட்டிருந்தது. இரவல் கால்சட்டை போலும். அவள் கேட்கவில்லை, கேட்க வேண்டிய கேள்விகள் வேறு இருந்தன.

அவை எதற்கும் விடை வரவில்லை. ஒரே கேத்தல், ஒரே வடைச் சட்டி. ஏழு பேர் சுகம், நான்கு பேர் படுக்கை. ஆளுங்கட்சியில் இரண்டு, எதிரணியில் இரண்டு. விஷம் வைத்தவன் கட்சி பார்க்கவில்லை. பிறகு எதைப் பார்த்தான்?

இரண்டரை மணி. சார்ஜன்ட் பண்டார கென்டீன் வாசலில் அரக்கை உருக்கத் தொடங்கியிருந்தார்.

“மிஸ், நேரம் போகுது.”

வேலாயி அடுப்பைத் தணிக்கவில்லை. “சீல் வைக்கிறதுக்கு முந்தி ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு வைங்க, மிஸ். சார்ஜன்ட் ஐயா, உங்களுக்கு?”

“மட எபா! எனக்கு வேண்டாம்!” என்று சார்ஜன்ட் இரண்டடி பின்வாங்கினார்.

சுலக்ஷனா வாங்கினாள். இந்த அடுப்பில் தப்பில்லை என்று அவளுக்குத் தெரியும். தெரிவதை நிரூபிக்கத்தான் வழியில்லை. வலது கையில் சூடான கிளாஸ். அவள் எதையோ யோசித்துக்கொண்டு நின்றாள். அந்த நேரம் அவளுடைய இடது கை, யாரும் சொல்லாமலே, உள்ளங்கை மேலே பார்க்க வேலாயியிடம் நீண்டது.

வேலாயி சிரித்துவிட்டாள். “கருப்பட்டி இல்ல, மிஸ். சீனிதான் இருக்கு, போடவா? விக்கிற விலைக்குக் கருப்பட்டி நான் எங்க வாங்குறது. காலையில மேசையில இருந்துச்சு, எல்லாத்தையும் முழுங்கிட்டானுங்க.”

சுலக்ஷனா நீட்டிய கையைப் பார்த்தாள். அவள் பூண்டுலோயாத் தோட்டத்தில் வளர்ந்தவள். டிப்ளோமா எடுத்து, சீருடை போட்டு, சீனி கூடாதென்று ஊருக்கெல்லாம் வகுப்பெடுத்தும், பிளேன்டீயைக் கண்டால் அந்தக் கை தானாக நீளும். சாயத்தில் சீனி போட்டுக் கலக்குவது பஜார்ப் பழக்கம். லயத்துப் பழக்கம் வேறு. வலது கையில் தேத்தண்ணி, இடது உள்ளங்கையில் கருப்பட்டி. ஒரு கடி, ஒரு மடக்கு.

“மேசையில கருப்பட்டி நீங்க வைக்கலையா?”

“நான் எங்க வச்சேன்? பாதீட்டு நாளாச்சேன்னு யாரோ உறுப்பினர் கொண்டாந்திருப்பாங்கன்னு நெனச்சேன்.”

“சார்ஜன்ட், அரக்கை அணைங்க,” என்று சொல்லிவிட்டு அவள் தெருவைக் கடந்து ஓடினாள்.

கந்தப்பன் சபைக்குக் கிளம்பச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தார்.

“கருப்பட்டி சாப்பிட்டீங்களா?”

“ஆமா. மூணு துண்டு.”

“முந்தி கேட்டப்ப ஏன் சொல்லல?”

“நீங்க என்ன சாப்பிட்டீங்கன்னுதானே கேட்டீங்க? கருப்பட்டியைச் சாப்பாடுன்னு யாரு மிஸ் சொல்லுவா? அது தேத்தண்ணியோட சேர்த்தி.”

அடுத்த கட்டில்களிலிருந்து ஜீவராஜும் மதுரனும் தலையாட்டினார்கள். அவர்களும் அதையேதான் செய்திருந்தார்கள். அவர்களுக்கும் அது சொல்ல வேண்டிய சங்கதியாகத் தோன்றவில்லை.

“எப்படி இருந்துச்சு?”

“கொஞ்சம் கசப்பு. மழைக் காலத்துக் கித்துள் அப்படித்தான்னு விட்டுட்டேன். ஆனா அழகு. வீட்டுக்காரிகிட்ட காட்டலாம்னு ஒண்ணு எடுத்து வச்சேன்.” சட்டைப் பையிலிருந்து காகிதத்தில் சுற்றிய துண்டை எடுத்தார்.

கித்துள் மரத்துக் கருப்பட்டியைச் சிரட்டையில் ஊற்றித்தான் உறைய வைப்பார்கள். உடைத்தால் கோணல் துண்டுகளாக வரும். இது நாணயம் போல வட்டம். விளிம்பில் ஒழுங்கான ஒரு வளையம். நடுவில், கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடம் வலம் மாறி, ஒன்று என்ற இலக்கம். சுலக்ஷனா அதைப் பிட்டாள். உள்ளே கரையாத வெள்ளைப் பளபளப்பு. நுனி நாக்கில் வைத்துத் துப்பினாள்.

பேதி உப்பு.

மூன்று மணி. பதினோரு உறுப்பினர்களும் வந்துவிட்டார்கள், சிலர் சுவரைப் பிடித்தபடி. எல்லோருக்கும் முன்பே வந்து தலைவர் நாற்காலியில் அமர்ந்துவிட்ட சோமசுந்தரம், சமய வணக்கத்துக்குச் சபை எழுந்து நின்றபோதும் எழவில்லை. தேகசுகமில்லை என்று சைகை காட்டினார். அவருக்கு முன்னால் நெஞ்சளவு மரத் தடுப்பு.

“பரிசோதகர் மிஸ், கென்டீன் மூடியாச்சா?”

“இல்லைங்க, ஐயா. மூட வேண்டியதில்ல. விஷம் தேத்தண்ணியிலயும் இல்ல, வடையிலயும் இல்ல.” அவள் காகிதத்தைப் பிரித்து மேசைமேல் வைத்தாள். “இந்தக் கருப்பட்டியில இருந்துச்சு. பேதி உப்பு கலந்து, உருக்கி, மறுபடி அச்சுல ஊத்துனது. மரக்கறித் தோட்டத்துக்குத் தெளிக்கிற உப்பு. மூங்கிலோயாவுல அது ஒரே ஒரு கடையில கிடைக்கும்.”

“ஹார்டுவெயர் கடை,” என்றாள் ரூபிகா, மெதுவாக இல்லை.

“அந்தக் கடை என்னோடதுதான்!” சோமசுந்தரம் தடுப்பைத் தட்டினார். “ஆயிரம் பேர் வந்து வாங்குறாங்க. அதுக்கு?”

“அச்சு எதுன்னு பார்த்தேன். குழாய்க்கு அடைக்கிற ஒரு அங்குலப் பிளாஸ்டிக் மூடி. உள்பக்கம் ‘ஒன்று’ன்னு போட்டிருக்கும். அதுவும் யாரும் வாங்கலாம். ஒத்துக்கிறேன். ஆனா கருப்பட்டி வச்சிருந்த தட்டு?” சன்னல் மேடையிலிருந்து அதை எடுத்து உயர்த்தினாள். “காலையில இது உங்க ரூமுக்குக் கப்போட போச்சு. கப் கென்டீனுக்குத் திரும்புச்சு. தட்டு உறுப்பினர்மார் மேசைக்கு வந்துச்சு. நடுவுல அந்த ரூம்ல இருந்தது நீங்க மட்டும்தான்.”

“எனக்கு எதுக்கு? எனக்கு ஆறு வாக்கு இருக்கு!”

“அஞ்சு,” என்றார் கந்தப்பன்.

“அஞ்சு,” என்றாள் சுலக்ஷனா. “அது உங்களுக்கு நேத்தே தெரியும். எதிர்ல ஆறு. அதுல லயத்துல வளர்ந்தவங்க மூணு பேர். பிளேன்டீயும் கருப்பட்டியும் கண்டா விடமாட்டாங்க. பஜார் ஆளுங்க தொடமாட்டாங்க. அந்த மூணு பேரும் கழிப்பறை வாசல்ல நின்னா அஞ்சுக்கு மூணு. அவங்க சீக்கிரம் திரும்பக் கூடாதுன்னு ரெண்டு கழிப்பறையில ஒண்ணைப் பூட்டுனீங்க. அதோட சாவி எங்க, ஐயா?”

“…மேசை லாச்சியில.”

இராமையா போனார். கதவு திறக்கும் ஓசை கேட்டது. பிறகு, தண்ணீர் வராத அந்தக் கழிப்பறையிலிருந்து, சபை முழுவதும் கேட்கும்படி தண்ணீர் இறங்கியது. கேட்டது போதாதென்று நினைத்தாரோ என்னவோ, தொட்டி நிரம்பும்வரை காத்திருந்து இராமையா மறுபடியும் ஒரு தரம் இழுத்துவிட்டார்.

சோமசுந்தரம் கடைசி ஆயுதத்தை எடுத்தார்.

“அறிவோட பேசுங்க! நானே வச்சதை நானே தின்பேனா? உங்க எல்லாரையும்விட எனக்குத்தான் அதிகமாப் போச்சு!”

சபை அவரைப் பார்த்தது. பிறகு சுலக்ஷனாவைப் பார்த்தது. அந்த ஒரு கேள்விக்காகத்தான் காலையிலிருந்து யாரும் அவரைச் சந்தேகிக்கவில்லை.

“தின்னதே உங்களுக்குத் தெரியாது, ஐயா. இடைவேளையில பால் முடிஞ்சிருச்சு. உங்க கையில வந்தது பிளேன்டீ. கண்ணு பேச்சுப் பேப்பர்ல. கால் மேசைப் பக்கம். வலது கையில கப். இடது கை அதுபாட்டுக்குப் போச்சு. எனக்கும் இப்ப அரை மணிக்கு முந்தி அப்படித்தான் போச்சு.” அவள் தன் உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். “பிறகு உக்காந்து பிசுபிசுப்பை வெல்வெட்டுல துடைச்சீங்க. உங்க இடது கைப்பிடியைப் பாருங்க.”

எறும்புகள் திரும்ப வந்திருந்தன. அவர் கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டார்.

“நாலு தலைமுறையா பால் டீ குடிச்ச கை அப்படிப் போகாது, ஐயா.”

கந்தப்பனுக்கு இப்போது சிரிப்பதில் ஆபத்து இல்லை. “டேய் சோமு! நாற்பது வருசம் கோட்டுப் போட்டு மறைச்சதை அரைக் கப் சாயத் தண்ணி காட்டிக் கொடுத்துருச்சேடா! உங்க அம்மா உன் கையில வச்ச கருப்பட்டியை நான் எத்தனை தரம் புடுங்கித் தின்னிருக்கேன்!”

முதலில் ஜீவராஜ் சிரித்தார். பிறகு எதிரணி. பிறகு ஆளுங்கட்சி, கொஞ்சம் பார்த்துவிட்டு. சோமசுந்தரம் மறுக்கவில்லை. அவர் முகத்தில் இருந்தது அகப்பட்டதற்கான வெட்கம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் அவர் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தது தடுப்புக்குக் கீழே.

வாக்கெடுப்பு நடந்தது. பத்து வீதத்துக்கு மூன்று கைகள் எழுந்தன. அவற்றில் ஒன்று பாதியில் தலையைச் சொறிந்துகொண்டு இறங்கிவிட்டது. சோலை வரி ஆறு வீதத்திலேயே நின்றது. வரவேற்பு வளைவுகள் எழும்பவில்லை. குளிரூட்டி இல்லாமலே மூங்கிலோயா குளிர்ந்துகொண்டிருந்தது. கென்டீன் வாடகையும் பழைய வாடகைதான்.

வேலாயி அடுத்த ஈடு வடையைச் சட்டியில் போட்டிருந்தாள். சார்ஜன்ட் பண்டார அரக்குக் கட்டியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு முதல் ஆளாக வந்து நின்றார்.

“இப்ப தேத்தண்ணி தரலாம்,” என்றார்.

“இப்ப மட்டும் எபா இல்லையோ?” என்று கேட்டுவிட்டு, இரண்டு வடையைச் சேர்த்தே வைத்தாள்.

வாக்குமூலம் எடுக்கச் சார்ஜன்ட் மண்டபத்துக்குத் திரும்பியபோது எல்லோரும் போயிருந்தார்கள். தலைவர் மட்டும் நாற்காலியில் இருந்தார். எழும்பச் சொன்னால் நாளைக்கு வருகிறேன் என்றார். சார்ஜன்ட் வற்புறுத்தினார். வாசலில் சுலக்ஷனாவும் இராமையாவும் நின்றார்கள்.

சோமசுந்தரம் எழுந்தார். மேலே கோட்டும் கழுத்துப் பட்டியும். கீழே, இடுப்பில் சுற்றிக் கட்டிய, நீலமும் வெள்ளையும் கட்டம் போட்ட ஒரு பழைய சாரம்.

“அது என்னோடது, மிஸ்,” என்றார் இராமையா, சணல் கயிற்றை இறுக்கிக்கொண்டே. “காலையில கழட்டி வாங்கிட்டாரு.”

“ஏன்?” என்றார் சார்ஜன்ட். “காலையில நான் வாசல்ல காவலுக்கு நின்னப்ப, இவர் பையில இருந்து சாவியை எடுத்துக்கிட்டே ஓடுனதைப் பார்த்தேனே. பூட்டுன கழிப்பறைக்கு நேராத்தானே போனாரு?”

சுலக்ஷனாவுக்கு அப்போதுதான் புரிந்தது. கழிப்பறைச் சாவி காலையிலிருந்து லாச்சியில்தான் கிடந்தது. அவசரத்தில் அந்தக் கதவைத் திறக்க அவர் எடுத்துக்கொண்டு ஓடியது, இப்போது கோட்டுப் பையில் தொங்கிய ஹார்டுவெயர் கடைச் சாவி.